உலகம்மை ஒரு மாதிரி

வாடகைக்கு வீடு தேடி அலைகிறவள் தலை நிறையப் பிச்சிப்பூ வைத்துக்கொண்டு வரமாட்டாள். வந்தாலும் தண்ணீர் எப்போது வரும் என்றுதான் முதலில் கேட்பாள், பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கமாட்டாள். அப்படியே கேட்டாலும் அந்த வீட்டு மூத்த பெண் எங்கே வேலைக்குப் போகிறாள், சாயங்காலம் எதில் திரும்பி வருகிறாள், யாரோடு வருகிறாள் என்று நூல் பிடித்துக்கொண்டு போகமாட்டாள். செண்பகவடிவுக்கு இதுகூடவா தெரியாது. பாளையங்கோட்டையில் பெண்ணைப் பற்றி விசாரிக்க வருகிறவர்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல இந்த ஒரே பொய்யோடுதான் தெருவுக்குள் நுழைகிறார்கள், இங்கே வீடு ஏதும் காலியாக இருக்கிறதா என்று. கேட்கிறவருக்கும் அது பொய்யென்று தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும், ஆனாலும் ஒரு மரியாதைக்கு மாடிப்படியையும் கழிவறையையும் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிவிட்டுத்தான் பெண்ணுக்கு வரவேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் கிடக்கிறது, முன்னறையில் வெங்காயக் கலர் புடவையில் அந்த அம்மாள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருக்க, எதிரே செண்பகவடிவின் வீட்டுக்காரர் சங்கரலிங்கம் பேப்பரை மடித்தும் மடிக்காமலும் வைத்துக்கொண்டு குழாய்த் தண்ணீரைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு இன்னும் புரியவில்லை. அவர் உண்மையிலேயே வீட்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார். இருங்க, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போகலாம் என்று சொல்லிவிட்டு வடிவு அடுப்படிக்குள் வந்தாள். பயமா என்றால் பயமில்லை, பரீட்சைக்குப் படித்த கேள்வியே தாளில் வந்துவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. அவள் பால் பாக்கெட்டை எடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்தாள்.

பாக்கெட் கல்லாக உறைந்திருந்தது. இந்த மனிதரிடம் எத்தனை தடவை சொல்லியாயிற்று, பாலை மேலே வைக்காதீர்கள், அது ஐஸ் வைக்கிற இடம் என்று. கத்தரித்து, உருண்டு விழுந்த வெள்ளைக் கட்டியைப் பாத்திரத்தில் போட்டு அடுப்பைச் சின்னதாக வைத்தாள். பெரிதாக வைத்தால் அடிப்பிடிக்கும். போகட்டும், நல்லதுதான், இது உருகி, சூடேறி, பொங்குகிற வரைக்கும் யோசிக்க நேரம் கிடைத்தது. என்ன சொல்லவேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. தங்கமான பிள்ளை. அவள் இருக்கிற இடமே தெரியாது. குனிந்த தலை நிமிரமாட்டாள். இந்த மூன்றையும் இந்த வரிசையில் சொல்லிவிட்டால் கல்யாணம் முடிந்த மாதிரி. அடுத்த வீட்டுச் செல்லத்தாய் மதினி, அந்த மூத்த பெண் உலகம்மையின் அம்மா, போன வாரமே சுவரோரம் வந்து, கண்ணில் பாதித் தண்ணீரோடு, யாரு வந்து கேட்டாலும் நல்ல விதமா ரெண்டு வார்த்தை சொல்லுங்க மைனி, ஏற்கெனவே ரெண்டு இடம் வந்து விசாரிச்சிட்டு அப்படியே போயிட்டாவ என்று சொல்லிவிட்டுப் போனாள். சொல்லலாம். சொல்வதற்கு என்ன காசா பணமா. ஆனால் உலகம்மை இருக்கிற இடம் தெரியாது என்று வாயெடுத்தால் இந்தத் தெருவில் இருக்கிற காக்கா கூடச் சிரிக்கும். அவள் பேருந்து நிறுத்தத்திலிருந்து வரும்போது முதுகு முன்னால் வர நடந்து வருவாள், ஏனென்று கேட்டால் தினமும் முன்பக்கமாகவே வந்தால் தெருவின் இந்தப் பாதியைப் பார்க்காமலே செத்துப்போய்விடுவேன் என்பாள். கரண்ட் போனால் எல்லா வீட்டிலும் அய்யய்யோ என்ற சத்தம் கேட்கும், அவள் வீட்டிலிருந்து மட்டும் கைதட்டு கேட்கும். இப்படிப்பட்டவளை இருக்கிற இடம் தெரியாது என்று எப்படிச் சொல்வது. வடிவு கரண்டியால் பால்கட்டியை ஒரு குத்துக் குத்தினாள், அது வழுக்கி மறுபக்கம் போனது.

காலையில்தான் வந்தாள் உலகம்மை. துணி காயப்போட மாடிக்குப் போன வடிவை அடுத்த மாடியிலிருந்து கூப்பிட்டு, அத்தை, அத்தை, இங்க வாங்களேன் என்று இரண்டு மாடிக்கும் நடுவே இருக்கிற கைப்பிடிச் சுவரில் தாடையை வைத்துக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு. அந்தத் தென்காசிப் பையன், மாட்டு டாக்டர், தாணு என்று பேர், ஜாதகம் பொருந்திப் போன பிறகு இரண்டு பக்கத்துச் சம்மதத்தோடு போனில் பேசினானாம். என்னட்டி பேசுனாரு என்று கேட்டால், மாட்டைப் பத்தித்தான் அத்தை என்கிறாள். ஊசி போடப் போனால் முதலில் மாட்டின் காதுக்குப் பக்கத்தில் போய், ஆத்தா, கொஞ்சம் பொறுத்துக்கோ, இப்ப வலிக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவானாம். சொல்லாமல் தொட்டால் உதைக்குமா என்று இவள் கேட்டதற்கு, சொன்னாலும் உதைக்கும், ஆனா நாம சொல்லிட்டோம்ல என்றானாம். இதைச் சொல்லிவிட்டு அந்தப் பெண் சுவரின் மேல் விரலால் எதையோ கீறிக்கொண்டு நின்ற நிற்பு இருக்கிறதே, வடிவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அத்தை, எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. நல்ல ஒரு மாதிரி. இதுவரைக்கும் இப்படி இருந்ததில்ல. வடிவு ஈரப் புடவையை உதறிக்கொண்டே, அப்ப இதுதான் இடம், முடிச்சிருவோம் என்றாள், என்னவோ தன் கையில் இருக்கிற மாதிரி. இப்போது பார்த்தால் உண்மையாகவே அவள் கையில்தான் இருக்கிறது. அந்த மாட்டு டாக்டர் முன்னறையில் உட்கார்ந்திருக்கிற பிச்சிப்பூவின் மகனாகத்தான் இருக்கவேண்டும், அதே அகலமான நெற்றியோடு இருக்கிற அவன் படத்தை உலகம்மை போனில் காட்டியிருக்கிறாள். ஒரு வார்த்தை இப்படி விழுந்தால் கல்யாணம், அப்படி விழுந்தால் அந்தப் பெண்ணின் விரல் சுவரில் கீறிய கீறல் மட்டும் மிச்சம். பால்கட்டி ஓரத்தில் உருக ஆரம்பித்திருந்தது.

அப்படி விழுகிற வார்த்தை எது என்பதில் வடிவுக்குச் சந்தேகமே இல்லை. திருடி, பொய்க்காரி, வாயாடி என்று யாராவது சொன்னால்கூடப் பரவாயில்லை, எதைத் திருடினாள் என்று கேட்டுச் சண்டை போடலாம். ஒரு மாதிரி என்று சொல்லிவிட்டால் முடிந்தது, அதற்குமேல் யாரும் எதையும் கேட்கமாட்டார்கள். கிளி மாதிரி என்றால் கிளி இருக்கிறது, மயில் மாதிரி என்றால் மயில் இருக்கிறது, ஒரு மாதிரி என்றால் என்ன இருக்கிறது, முன்னால் இருக்கவேண்டியதை எடுத்து மறைத்துவிட்டு வெறும் காலி இடத்தைக் காட்டுகிறார்கள், கேட்கிறவர் அவரவர் பயத்தை எடுத்து அதில் வைத்துக்கொள்ள வேண்டியது. இந்த வீட்டில் அந்த வார்த்தைக்கு ஓய்வே கிடையாது. சங்கரலிங்கத்துக்குக் கத்தரிக்காய்ப் பச்சடி ஒரு மாதிரி இருக்கும், புது மேனேஜர் ஒரு மாதிரி ஆள், மழைக்கு முந்தின வானம் ஒரு மாதிரி, அவள் ஆசையாக எடுத்த மயில்கழுத்துக் கலர் புடவை ஒரு மாதிரி. ஒரு நாள் நெஞ்சைத் தடவிக்கொண்டு இங்க ஒரு மாதிரி இருக்கு என்றார், அவள் நிலை குலைந்து ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினால் வாயுவாம். வடிவே கணக்கில்லாமல் சொல்லியிருக்கிறாள், பழைய மாவு ஒரு மாதிரி புளிச்சிருக்கு, இன்னைக்கு எனக்கு உடம்பு ஒரு மாதிரி இருக்கு. கேட்கிறவர்களும் ஆமாம் ஆமாம் என்பார்கள், என்ன மாதிரி என்று கேட்டு யாரும் அடுப்படிக்கு வருவதில்லை. மாவுக்கும் வானத்துக்கும் அதனால் ஒன்றும் ஆகிவிடாது, அவை பாட்டுக்கு இருக்கும். மனுஷி மேல் விழுந்தால் அது போகாது. முன்னறையில் பேச்சு தண்ணீர்த் தொட்டியை விட்டு இறங்கி, பக்கத்துல ஆளுக எப்படி, நல்ல ஆளுகதானா என்று வந்துவிட்டது. வடிவு அடுப்பை ஒரு பொட்டுக் கூட்டி வைத்தாள்.

தன் மேல் அது விழுந்த நாள் அவளுக்கு நன்றாகத் தெரியும். பத்தமடையில் பெரிய மாமா செத்த வீடு. மாமா என்றால் ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு, சட்டையைக் கழற்றினால் விலா எலும்பை எண்ணலாம். அவரைக் கிடத்தியிருக்க, சுற்றிலும் பெண்கள் கைகோத்து அழ, கடையநல்லூர் அத்தை மாரில் அடித்துக்கொண்டு, மலை சாஞ்ச மாதிரி சாஞ்சியளே என்று ஒரு இழுப்பு இழுத்தாள். வடிவு மாமாவைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள், மறுபடியும் மாமாவைப் பார்த்தாள், அவ்வளவுதான், சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்தப் பொத்த மூக்கு வழியாக வந்தது. மாமா உயிரோடு இருந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார், இருவரும் எத்தனை தடவை சேர்ந்து சிரித்திருக்கிறார்கள், அவரைத்தான் அந்த வீட்டில் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும், அன்றைக்கு ராத்திரி முழுக்க அவள் அழுததை யாரும் பார்க்கவில்லை. பார்த்தது சிரித்ததை மட்டும். அம்மா தொடையில் கிள்ளினாள். யாரோ, அந்தப் பிள்ள ஒரு மாதிரிக்கா என்றார்கள். அவ்வளவு மெதுவாகச் சொன்ன ஒன்று எப்படித்தான் பஸ் பிடித்துப் பாளையங்கோட்டையில் அம்மா வீட்டுத் தெருவுக்கு வந்து சேர்ந்ததோ. பிறகு கோவில்பட்டியிலிருந்து ஒருவர் பெண் பார்க்க வந்தார், தபால் ஆபீஸில் வேலை, காது கொஞ்சம் எடுப்பான காது, எல்லாரும் அவளைப் பார்த்துக்கொண்டிருக்க அவர் மட்டும் சுவரில் போய்க்கொண்டிருந்த எறும்பு வரிசையை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பிறகு அவளைப் பார்த்தார். அந்தக் காது அவளுக்குப் பிடித்துவிட்டது. அடுத்த வாரம் அவருடைய அத்தை ஒருத்தி தெருமுனைக்கு வந்து வீடு காலியாக இருக்கிறதா என்று டெய்லர் வீட்டில் கேட்டாளாம். டெய்லர் பெண்டாட்டி கெட்டவள் இல்லை, வடிவுக்கு ஓசியில் பட்டன் தைத்துக் கொடுத்தவள். நல்ல பிள்ளதான், ஆனா ஒரு மாதிரி என்று வாய் போக்கில் சொல்லிவிட்டாள். வந்தவள் என்ன மாதிரி என்று கேட்டிருந்தால் டெய்லர் பெண்டாட்டி அந்தச் செத்த வீட்டுக் கதையைச் சொல்லி அவளும் சிரித்திருப்பாள், ஒருவேளை வந்தவளும் சிரித்திருப்பாள், ஒருவேளை அந்தக் காதுகளும். கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு கோவில்பட்டியிலிருந்து ஒரு தகவலும் இல்லை, அம்மா ஜாதகத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, இனிமேலாவது நாலு பேரு மாதிரி இரு என்றாள்.

நாலு பேர் மாதிரி இருப்பது ஒன்றும் அவ்வளவு கஷ்டமில்லை, அதுதான் அதில் இருக்கிற பயங்கரம், பழகிவிடுகிறது. சிரிப்பு வந்தால் உதட்டைக் கடித்துக்கொள்ளலாம், பிறகு உதட்டைக் கடிக்க வேண்டியதே இல்லை, சிரிப்பு வருவதில்லை. சங்கரலிங்கம் நல்ல மனுஷர், ஒரு குறை சொல்லமுடியாது, விசாரிக்க வந்தபோது அம்மா வீட்டுத் தெருவே உஷாராகத் தங்கமான பிள்ளை என்று சொல்லி அனுப்பி வைத்த பெண்ணைக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷமாக ஒரு தங்கமான பிள்ளையோடு குடித்தனம் நடத்துகிறார். அவருக்கு வடிவு செத்த வீட்டில் சிரித்தவள் என்று தெரியாது. பாத்திரங்களைக் கவிழ்க்கும்போது ஒவ்வொன்றுக்கும் போய்த் தூங்கு என்று மனசுக்குள் சொல்வாளே, அது தெரியாது. சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்ததுதான், கல்யாணமான புதிதில் மாமியார் ஒரு பார்வை பார்த்தாள், அதோடு மனசுக்குள் போய்விட்டது. இப்போது யோசித்தால் மனசுக்குள்ளும் சொல்கிறாளா என்று நிச்சயமில்லை. அடக் கடவுளே, எப்போது நிறுத்தினேன். அப்படியானால் அந்த மூன்று வாக்கியத்தையும் சொல்லி இந்தக் கல்யாணத்தை முடித்துவைத்தால் என்ன நடக்கும், உலகம்மை தென்காசிக்குப் போய் இருக்கிற இடம் தெரியாதவளாக இருக்கவேண்டும், வாக்குக் கொடுத்தாயிற்றே, முன்பக்கமாகவே நடக்கவேண்டும், கரண்ட் போனால் அய்யய்யோ என்க வேண்டும், கொஞ்ச நாளில் பழகிவிடும், அதுதானே, பழகிவிடும். உண்மையைச் சொன்னால் மாட்டின் காதில் சொல்கிறவன் கை நழுவிப் போவான், பொய்யைச் சொன்னால் இவள் கை நழுவிப் போவாள். இரண்டில் எது என்று ஒரு பால் காயும் நேரத்தில் எவள் முடிவு பண்ணுவாள். வேண்டாம் வேண்டாம் என்றிருந்தது, ஆனால் வேறு யாராவது முடிவு பண்ணிவிடக்கூடாது என்றும் இருந்தது, தன் ஆயுசில் ஒரு தடவைகூட இவ்வளவு முக்கியமான ஒன்று தன் அடுப்படிக்குத் தேடி வந்ததில்லை. பால் முழுக்க உருகி ஓரத்தில் நுரை கட்டியது.

அப்போதுதான் முன்னறையிலிருந்து அந்த அம்மாள், பக்கத்து வீட்டு மூத்த பிள்ள எப்படி என்று கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தது. மரியாதைக்கு விட்டிருந்த இடைவெளியெல்லாம் முடிந்து நேராகவே கேட்டுவிட்டாள். உலகம்மையா என்றார் சங்கரலிங்கம். அவர் உலகம்மை மேல் உயிரையே வைத்திருக்கிறவர், அவள் வந்து சுடோகு போட்டுக் கொடுக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரே அவருக்குப் பிடிக்காது, ஒரு கெட்ட எண்ணமும் அவரிடம் கிடையாது, ஆனால் அவருக்குத் தெரிந்த வார்த்தைகள் மொத்தமே கொஞ்சம், அதில் எது முதலில் வாய்க்கு வரும் என்று இத்தனை வருஷம் கத்தரிக்காய் சமைத்தவளுக்குத் தெரியாதா. போய் நிறுத்தவேண்டும், ஓட வேண்டும், ஏங்க இங்க கொஞ்சம் வாங்க என்று கூப்பிட வேண்டும், வாய் திறந்தால் பால் மேலெழும்புகிறது, அடுப்பை அணைத்தால் குமிழ் வழுக்குகிறது, திருப்பினால் பெரிதாகிறது. அது நல்ல பிள்ள என்றார் சங்கரலிங்கம். தெய்வமே, அதோடு நிறுத்துங்க. நல்ல பிள்ள. ஆனா ஒரு மாதிரி. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. வடிவு கரித்துணியால் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு அப்படியே நின்றாள், ஏனென்றால் முன்னறையில் அந்த அமைதி வந்திருந்தது. அவளுக்கு அந்த அமைதி நன்றாகத் தெரியும். டெய்லர் வீட்டு வாசலில் அவள் இல்லாதபோது விழுந்த அமைதி, இத்தனை காலம் கழித்து இப்போதுதான் நேரில் கேட்கிறாள். மின்விசிறி சுற்றுகிற சத்தம். சங்கரலிங்கம் பேப்பரைப் புரட்டுகிற சத்தம். நாற்காலி பின்னால் நகர்கிற சத்தம். அந்த அம்மாள் எழுந்துவிட்டாள், போகிறாள். வடிவு டிகாக்ஷனை ஊற்றினாள், சீனியைப் போட்டாள், கலக்கவில்லை, டம்ளரைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

அந்த அம்மாள் நிஜமாகவே எழுந்து நின்று புடவையைச் சரி செய்துகொண்டிருந்தாள். வீடு பெறகு வந்து பாக்கேன் என்றாள். முகம் வாடியிருந்தது.

"உக்காருங்க," என்றாள் வடிவு. அவள் குரல் அவளுக்கே பழக்கமில்லாத குரலாக இருந்தது. "காப்பி குடிக்காம போகக்கூடாது. இவிய சொன்னது சரிதான். ஒரு மாதிரிதான் அவ. என்ன மாதிரின்னு நான் சொல்லுதேன், கேட்டுட்டுப் போங்க."

அந்த அம்மாள் உட்கார்ந்தாள். சங்கரலிங்கம் பேப்பரை இறக்கினார்.

அதற்குப் பிறகு வடிவு பேசியது எல்லாம் அவள் யோசித்து வைத்ததில் இல்லாதவை. போன தையில் தன் தம்பி மகள் கல்யாணம், மறுவீட்டுச் சொதிச் சாப்பாடு, தேங்காய்ப்பால் சொதிக்குத் தோதாக இஞ்சிப் பச்சடியெல்லாம் வைத்து இலை நிறைந்து கிடக்கிறது, இந்தப் பிள்ளை எழுந்து நின்று, சாப்பிட்டு முடிக்கப்போகிற எதிர்ப் பந்தியில் மோர் ஊற்றிக்கொண்டிருந்த ஆளைக் கைதட்டிக் கூப்பிட்டு, எனக்கு முதல்ல மோரு ஊத்துங்கண்ணே என்கிறாள். மோர்ச் சாதத்தைச் சாப்பிட்டு, ரசத்தைச் சாப்பிட்டு, கடைசியில் சொதிக்கு வந்தாள். பந்தியே திரும்பிப் பார்க்கிறது, செல்லத்தாய் மதினி தலையைக் குனிந்துகொண்டாள். ஏட்டி, ஏன் இப்படிச் செய்யுத என்று கேட்டால், கடைசியா சாப்பிடுறதுதான் அத்தை நாக்குல ஒட்டிக்கிட்டு வீடு வரைக்கும் வருது, மோரு எங்க வீட்லயே இருக்கு, எனக்குச் சொதிதான் வீட்டுக்கு வரணும் என்கிறாள். "சொல்லுங்க, அதுல என்ன தப்பு இருக்கு. நான் மறுநாள் வீட்டுல யாரும் இல்லாதப்ப அப்படியே சாப்பிட்டுப் பாத்தேன். அவ சொன்னது சரி," என்றாள் வடிவு. பின்பக்கமாக நடப்பதைச் சொன்னாள், கைதட்டைச் சொன்னாள். வேகத்தில் எது தன்னுடையது எது அவளுடையது என்று பார்க்காமல், பாத்திரத்துக்கெல்லாம் தூங்கச் சொல்லுவா, செத்த வீட்டுல சிரிச்சிருவா என்று சொல்லிக்கொண்டே போய், சட்டென்று நின்றாள்.

"செத்த வீட்லயா?" என்றாள் அந்த அம்மாள்.

"அது அவ இல்ல," என்றாள் வடிவு. "அது நான்."

சங்கரலிங்கம் மனைவியை, வீடு மாறி வந்துவிட்டவர் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். போச்சு, எல்லாம் போச்சு, அந்தப் பிள்ளையின் வாழ்க்கையை என் வாயாலேயே கெடுத்துவிட்டேன், மதினி முகத்தில் இனி எப்படி முழிப்பேன், மாடியில் துணி காயப்போட எப்படிப் போவேன் என்று வடிவுக்குள் ஓடிக்கொண்டிருக்க, கால் மட்டும் லேசாக இருந்தது, ஓடச்சொன்னால் ஓடிவிடும் போலிருந்தது. அந்த அம்மாள் காப்பியை ஒரு வாய் குடித்தாள். சீனி அடியில் கிடந்திருக்கும், முகத்தைச் சுளிக்கவில்லை.

"நான் வீடு பாக்க வரல."

"தெரியும்."

"எம் பேரு ஆவுடையம்மா. தாணுவோட அம்மா."

"அதுவும் தெரியும். நெத்தி அப்படியே இருக்கு."

ஆவுடையம்மாள் டம்ளரை மடியில் வைத்துக்கொண்டாள். "இந்த ஐயா சொன்னதும் எனக்குப் பயம் வந்துட்டு. நீங்க நெனைக்கிற மாதிரி இல்லம்மா. என் மகன் போன் பேசிட்டு வந்து சிரிச்சுக்கிட்டே இருக்கான், அந்தப் பிள்ள என்னென்னமோ சொல்லுதும்மா, எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்குங்கான். அவனப் பத்திக் கவலையில்ல. நான் என்னப் பத்தித்தான் யோசிச்சேன். எங்க வீட்டுல எல்லாம் ஒரு வரிசை. காலையில கோலம் போடுறதுல இருந்து ராத்திரி வெளக்க அணைக்கிறது வரைக்கும் எங்க அத்தை எனக்குச் சொல்லித் தந்த வரிசை. யாராவது மாத்துனா எனக்குக் கை பரபரங்கும். வேணும்னு செய்யமாட்டேன். ஆனா தெனம் ஒண்ணு சொல்லுவேன், இத இப்படி வைம்மா, அத அப்படிச் செய்யாதம்மான்னு. சொல்லிச் சொல்லியே அவள ஒண்ணுமில்லாம ஆக்கிருவேன். அதான் எந்திரிச்சேன். அவ வேற நல்ல வீடாப் பாத்துப் போகட்டும்னுதான்."

வடிவுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு பேச்சை அவள் யார் வாயிலும் கேட்டதில்லை, கேட்போம் என்று நினைத்ததுமில்லை. தன் மாமியாரின் அந்த ஒரு பார்வை ஞாபகம் வந்தது, பாவம், அந்த அம்மாளுக்கும் கை பரபரத்திருக்கும், அதை இப்படிச் சொல்ல அவளுக்கு ஒரு வீடு கிடைக்கவில்லை. சந்தோஷமா, துக்கமா, என்னவோ ஒன்று காலிலிருந்து தலைக்கு ஏறியது, அதற்கு என்ன பெயர் என்று அவள் தேடவும் இல்லை.

"அவ நல்லா சண்டை போடுவா," என்றாள் வடிவு. "நீங்க பத்துச் சொன்னா அவ ஒண்ணு சொல்லுவா. அந்த ஒண்ணுல நீங்க சிரிச்சிருவிய."

ஆவுடையம்மாள் சன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுச் சுவரை எட்டிப் பார்த்தாள். பிறகு காப்பியைக் கடைசி வரை குடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியின் நுனியிலிருந்து பின்னால் நகர்ந்து நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"வேற என்னெல்லாம் செய்வா," என்றாள். "ஒண்ணு விடாம இப்பவே சொல்லிருங்க. கல்யாணத்துக்குள்ள நான் பழகிக்கிடுதேன்."

வடிவு முக்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தாள். சொல்ல அவ்வளவு இருந்தது. "ஏங்க," என்றாள் திரும்பிப் பார்க்காமல், "இன்னும் ரெண்டு காப்பி போட்டுக் கொண்டு வாங்க." சங்கரலிங்கம் எழுந்து அடுப்படிக்குப் போனார்.